பதினேழாவது படம்

இரண்டு கண்ணாடித் தகடுகள்.
இடையே மூன்று மில்லிமீட்டர் தண்ணீர்.
பின்னால் வெள்ளை விளக்குப் பலகை,
முன்னால் முக்காலியில் கேமரா,
பத்து விநாடிக்கு ஒருமுறை கண் திறக்கும்.
கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள்
நானும் ஒரு நாற்காலியும்.

சாயம் கலந்த தண்ணீர் இப்போது நீலம்.
கரியமிலவாயு கரையக் கரையப் பச்சையாகும்,
பிறகு மஞ்சள்.
எவ்வளவு என்று கண்ணைக் கேட்கக்கூடாது,
கண் சலுகை காட்டும்.
ஒவ்வொரு படப்புள்ளியையும்
சிவப்பு பச்சை நீலமாகப் பிரித்து
நிறத்தை வட்டத்தில் ஒரு கோணமாக்கவேண்டும்.
இருநூற்றுப் பத்து பாகை என்றால்
இன்னும் எதுவும் நடக்கவில்லை.
ஐம்பத்தைந்து என்றால்
சாயத்துக்கு இதற்குமேல் சொல்லத் தெரியாது.

அளவுகோலுக்காகப் போன வாரம்
பதினொரு குடுவைகளைப் படமெடுத்தோம்.
ஸின் யீ எண் எழுதி ஒட்டினாள்.
அவள் கை கழுவப் போன நேரத்தில்
நான் அடியில் பென்சிலால் எழுதினேன்:
மயில்கழுத்து, கிளிப்பச்சை, எலுமிச்சை மஞ்சள்.
சிராங்கூன் சாலைச் சேலைக் கடையில்
விற்பனைப் பெண்கள் எந்தக் கருவியும் இல்லாமல்
இதைவிட நுணுக்கமாகப் பிரிப்பார்கள்.
ஏழாவது குடுவைக்கு மட்டும் பெயர் அகப்படவில்லை.
நீலம் கிளம்பிவிட்டது,
பச்சை இன்னும் வரவில்லை.

"கரை" என்ற சொல்லையும் அவளுக்கு விளக்கிப் பார்த்தேன்.
உப்பு கரையும். காகம் கரையும்.
கடலின் விளிம்பும் கரை, சேலையின் ஓரமும் கரை.
உங்கள் மொழியில் ஆய்வறிக்கை எழுதாதே என்றாள்.

இன்றிரவு
மேல் வலது மூலையில் பச்சை.

வால்வை நான் திறக்கவே இல்லை.
குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினேன்,
ஒரு குமிழ் இல்லை.
ரோஸ்லான் வந்து உருளையைப் பார்த்தார்,
தொட்டியைப் பார்த்தார்,
பிறகு நாற்காலியைப் பார்த்தார்.
"இங்கே யார் பேசிக்கொண்டிருந்தது?"

மூன்றாம் படம் தொடங்கி முப்பத்தொன்பதாம் படம் வரை
வீட்டுக்காரர் திருமதி கோவுடன் பேசினேன்.
கிளமெண்டி அறைக்கு அடுத்த மாதத்திலிருந்து
இருநூறு வெள்ளி கூடுதல்.
தொட்டியின் திறந்த வாய்க்கு ஒரு சாண் தள்ளி
என் வாய்.
முடியாது என்று சொல்லவேண்டிய இடத்தில்
மூச்சு மட்டும் விட்டிருக்கிறேன்.
அது பதினேழாவது படம்.
கோணம் நூற்று எழுபது சொச்சம்,
ஏழாவது குடுவை.

ரோஸ்லான் சிரிக்கவில்லை.
நாற்காலியை ஒன்றரை மீட்டர் பின்னுக்கு இழுத்து
தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டுப் போனார்.

கெட்டுப்போன சோதனையை அழிக்குமுன்
ஓடவிட்டுப் பார்த்தேன்.
வாயு கரைந்த நீர் மற்ற நீரைவிட
இம்மியளவு கனம்.
அந்த இம்மி போதும்.
பரப்பில் முதலில் ஒரு புடைப்பு,
பிறகு விரல், பக்கத்தில் இன்னொன்று,
இரண்டும் தயங்கி, சேர்ந்து, ஒன்றாய்க் கீழே போகின்றன.
நான் "ஓகே மேடம்" என்று போனை வைத்தபிறகும்
இறங்கிக்கொண்டே இருக்கின்றன.
மேலே தெளிந்த நீலம் மறுபடி ஏறி வருகிறது,
ஒன்றும் நடக்காததுபோல.

துணியை விலக்கினால் ஜன்னல்.
கெண்ட் ரிட்ஜ் மரங்களுக்கு அப்பால்
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்,
விளக்கோடு காத்திருக்கும் கப்பல்கள்.
அந்தத் தண்ணீரும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.
அதில் சாயம் கலப்பார் இல்லை.

படங்களை அழிக்கவில்லை.
"விலக்கப்பட்டவை" என்ற கோப்புறையில் போட்டேன்,
காரணம் என்ற கட்டத்தில்
"ஆய்வாளரின் சுவாசம்" என்று எழுதினேன்.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி,
முகக்கவசம் மாட்டி,
டேப்புக்கு இந்தப்புறம் உட்கார்ந்து வால்வைத் திறக்கிறேன்.
முதல் படம். நீலம்.
திருமதி கோவைக் காலையில் திரும்ப அழைக்கவேண்டும்,
படிக்கட்டுப் பக்கம் போய் நின்று.